மூன்று காலடியா, நான்கா

எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஒரு பெண்கள் பள்ளிக்கு உடற்பயிற்சி ஆசிரியையாகப் போனேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கோ-கோ தெரியும், எறிபந்து தெரியும். தடை ஓட்டத்தைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. மாவட்டப் போட்டிக்கு அதிலும் ஒரு பெண்ணை அனுப்ப வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னபோது, "சரிங்க மேடம்" என்றேன். புதிதாக வேலைக்கு வந்தவள் வேறு என்ன சொல்வாள்?

பெண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அட்டுவம்பட்டியிலிருந்து நடந்து வருவாள். ஒருநாள் மணி அடித்த பிறகு, பள்ளியின் பின்பக்கக் குட்டைச் சுவரை ஓட்டம் குறையாமல் தாண்டி உள்ளே வந்தாள். திட்டத்தான் கூப்பிட்டேன். "இன்னொரு தடவை தாண்டிக் காட்டு" என்றுதான் வாயில் வந்தது.

தச்சர் தைலமரக் கம்பில் ஆறு தடைகள் செய்து கொடுத்தார். நான் புத்தகத்தைப் பிரித்தேன். இரண்டு தடைகளுக்கு நடுவில் மூன்றே காலடி, எப்போதும் ஒரே கால்தான் முன்னால் போக வேண்டும் என்று அதில் இருந்தது. அவளும் அப்படியே ஓடினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் அதே பெண், அதே தடைகள். நான்கு காலடி வைத்தாள். நான்கு வைத்தால் கால் மாறிவிடும். ஒரு தடையை வலது காலிலும் அடுத்ததை இடது காலிலும் தாண்டினாள்.

"நேத்து வந்துச்சுல்ல, இன்னைக்கு ஏன் வரல?"

"எனக்கு வெளங்குதில்ல டீச்சர். நேத்து எட்டுச்சு. இன்னைக்கு ஏலாம கெடக்கு."

டேப்பை வைத்துத் திரும்ப அளந்தேன். இடைவெளி சரியாகவே இருந்தது. இரண்டு நாள் மூன்று வரும், மூன்றாம் நாள் நான்காகிவிடும். சோம்பல் என்று நினைத்து ஏசினேன். மூன்றாவது வாரம் வலுக்கட்டாயமாக மூன்றில் தாண்டப்போய் விழுந்து, முட்டி சிராய்த்துக்கொண்டாள்.

சுண்ணாம்புக் கோடு போடும் வாட்ச்மேன்தான் அவளைத் தூக்கிவிட்டார். "டீச்சரம்மா, மேல இருந்து எறங்குறப்ப மூணு வருது. மழை பேஞ்சு அந்த மேல் முனை சகதியாக் கெடந்தா நீங்க கீழ இருந்துல்ல ஓட விடுறீங்க. ஏத்தத்துல எப்புடிங்க எட்டும்?"

நின்று பார்த்தேன். மைதானம் சரிந்துதான் கிடந்தது. அந்த ஊரில் மற்ற இடமெல்லாம் அதைவிடச் சரிவு என்பதால் அதைச் சமதளம் என்றே எல்லோரும் சொன்னோம். மூன்று வாரம் அவளைத் திட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் குழப்பம் கூடியது. இறக்கத்தில் மூன்று, ஏற்றத்தில் நான்கு. அப்படியானால் உண்மையில் அவளுடையது எது? ஏரியை ஒட்டிய ஒரு துண்டுச் சமதரையில் வெள்ளனே போய் இரண்டு தடைகளை மட்டும் வைத்துப் பார்த்தேன். ஒரு முறை மூன்று, ஒரு முறை நான்கு. ஒரே காலை விடாதே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மதுரையில் போட்டி. தரை தட்டுப்போல இருந்தது. முதல் மூன்று தடைகளை ஒரே காலில் தாண்டினாள். நான்காவதில் காலடி சுருங்கி, கால் மாறியது. போச்சு என்று நினைத்தேன். ஆனால் வேகம் குறையவே இல்லை. கால் மாற்றி மாற்றியே ஓடி இரண்டாவதாக வந்தாள்.

கழுத்தில் விசிலோடு வேறொரு பள்ளியின் பயிற்சியாளர் என்னிடம் வந்தார்.

"நீங்கதான் கோச்சா? ரெண்டு காலும் ஒண்ணுபோல வருதே, எப்படிங்க பழக்குனீங்க? நானூறு மீட்டர் ஹர்டில்ஸுக்கு இதுதான் வேணும். ஓடிக் களைச்சு காலடி மாறுறப்ப எந்தக் கால் வந்தாலும் தாண்டணும்ல. எங்க புள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லியும் வர மாட்டேங்குது."

அதை நிறுத்தத்தானே இத்தனை நாள் மல்லுக்கட்டினேன்! "அது... தானா வந்துச்சுங்க" என்றேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவர் சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள்: "அவரு என்ன சொன்னாரு டீச்சர்?"

"ரெண்டு காலும் வர்றது நல்லதாம்."

"அப்ப ஏன் டீச்சர் ஒரே காலு, ஒரே காலுன்னு ஏசுனீங்க?"

"தெரியாமத்தான்மா."

கோபப்படுவாள் என்று பார்த்தேன். "முட்டி இன்னும் வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அடுத்த வருடம் அந்தப் பயிற்சியாளரிடமே விடுமுறையில் பயிற்சி எடுத்து, நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் மாநிலப் போட்டி வரை போனாள். அதற்கான படிவத்தை அவளே நிரப்பிக் கொண்டுவந்தாள். பயிற்சியாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தாள். அடித்துவிட்டு அவர் பெயரை எழுதலாமா என்று பேனாவைத் திறந்தேன். அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். அப்படியே தலைமையாசிரியையின் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டேன். அது சரிதானா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.