ஆடாத மனிதர்

1. கேமராவுக்கு ஐம்பது எம்.எம். லென்ஸ் வாங்க நினைத்தேன். எஃப் 1.8 போதுமா, துளை இன்னும் அகலமான, விலை கூடிய 1.4 வேண்டுமா என்று முடிவு செய்ய இரண்டையும் வாடகைக்கு எடுத்தேன்.
2. இருட்டில் சோதிக்க, கரியாலூரில் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் ஜன்னல் இல்லாத வீட்டுக்குப் போனேன்.
3. அக்கா பல்பைப் போட்டார். நான் அணைக்கச் சொன்னேன்.

"இன்னாம்மா, இருட்டுலதான் போட்டோ புடிப்பியா?" என்று சிரித்தவர், கணவரையும் இழுத்து வந்து நிறுத்தினார். "நாளைக்கு மிளகு பறிக்க கேரளா போறாரு. கல்யாணத்துலகூட நாங்க ஒண்ணா எடுத்துக்கல. ஒண்ணு புடிச்சிக் குடும்மா."

கணவர் அக்காவுக்கு ஓரடி பின்னால், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். பல்பைப் போட்டு, லென்ஸின் துளையைச் சுருக்கியிருந்தால் இருவர் முகமும் தெளிவாக விழுந்திருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் வாசல் வழியே வந்த மங்கல் வெளிச்சத்திலேயே, 1.4-இல் முழுக்கத் திறந்து எடுத்தேன். அக்காவுக்குப் பின்னால் எல்லாம் மங்கிக் கரைந்து அழகாக இருந்தது. கரைந்ததில் கணவரும் அடக்கம்.

அடுத்த வாரம் பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"என் மூக்குத்திகூட தெரியுது. உன் கேமரா சூப்பராதான் கீது. இந்த மனுசன்தான் ஆடிட்டாரு. ஒரு நிமிசம் சும்மா நிக்கத் தெரியுதா பாரு!"

"ஆமாக்கா," என்றேன். அதை நினைக்கும்போதெல்லாம் என்மீதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

1.4 லென்ஸையே வாங்கினேன். படம் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கணவர் இன்னும் ஊர் திரும்பவில்லை. அவர் ஆடவே இல்லை என்று நான் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.