வெட்டினவனே தூக்க வேண்டும்

ராமுத்தாய் உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்கு முதன்முதலில் வந்தது மாட்டு வண்டியில், வைக்கோல் மேல் படுத்தபடி. அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. கூடலூர்ச் சந்தையிலிருந்து குடித்துவிட்டு வந்த புருஷன் பலவேசத்துக்குக் கதவு திறக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. உலக்கையை எடுத்து ஒரே போடு. தாடை எலும்பு விட்டுப்போயிற்று.

நாற்பது நாள் துணியைக் கஞ்சியில் நனைத்து அவள் வாயில் பிழிந்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அவளை அழைத்துப்போக வந்த பலவேசம் பேச்சு வளர்க்கவில்லை. நேரே வார்டுக்குள் நுழைந்து, கூந்தலைச் சுருட்டிப் பிடித்து வாசல்வரை இழுத்தான். வாசலோரம் அடுப்பில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன. ராமுத்தாய் வெறுங்கையால் அந்தச் சட்டியைத் தூக்கி அவன் நெஞ்சில் கவிழ்த்தாள். அவன் போட்ட சத்தம் கடைத்தெருவரை கேட்டது. அதே ஆஸ்பத்திரியில்தான் அவனுக்கும் களிம்பு போட்டார்கள். ஆறின பிறகு ஊருக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை.

அவள் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் கேட்டார்: “இங்கயே வேலை பாக்கிறியாம்மா?”

“பாக்கிறேன் அய்யா. அந்த ஊருக்கு மட்டும் போகச் சொல்லாதீக.”

ஆறு வருஷம் ஆயாவாக இருந்தாள். ரத்தத் துணி அலசினாள். தையல் போடும்போது திமிறும் ஆம்பிளைகளின் தோளை முழங்காலால் அமுக்கிப் பிடித்தாள். வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு, கோயில் மரியாதைத் தகராறு என்று பள்ளத்தாக்கில் வெட்டுப்பட்டவர்களெல்லாம் அவள் கைக்கு வந்தார்கள். எவன் பிழைப்பான், எவன் போய்விடுவான் என்பது வண்டியிலிருந்து இறக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும்.

முதுகில் ராஜபிளவைக் கட்டியை அறுத்துக்கொள்ள வந்த ஞானசிகாமணி வாத்தியார்தான் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார். சின்னமனூருக்குத் தெற்கே ஓர் ஊரில் அவர் சிசு வகுப்பு ஆரம்பித்திருந்தார். முப்பது பிள்ளைகள். மூக்குத் துடைக்க, அடித்துக்கொண்டால் விலக்கிவிட ஒரு பொம்பளை வேண்டும். முப்பத்தெட்டாம் வருஷம் வைகாசியில் ராமுத்தாய் தகரப்பெட்டியோடு அங்கே போய் இறங்கினாள்.

அதற்கு முந்தின மாசியில்தான் ஊரில் மடைச் சண்டை நடந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்துபோன நேரம். மேலத்தெரு கட்டிய மடையைக் கீழத்தெரு உடைத்தது. மேலத்தெரு ஒச்சாண்டி கழுத்தில் வெட்டு வாங்கி மடைச் சகதியிலேயே செத்தான். வெட்டிய கீழத்தெரு சுருளியாண்டி மதுரை ஜெயிலில் இருந்தான். செத்தவன் மகன் செல்வமணிக்கும் ஐந்து வயது, வெட்டினவன் மகள் மொக்கம்மாளுக்கும் ஐந்து வயது. ஊரில் ஒரே பள்ளிக்கூடம்தான் என்பதால் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரே விளையாட்டுத்தான். பனைமட்டையை அரிவாளாக ஓங்கிக்கொண்டு, “மடைய ஒடச்சது யார்றா?” என்று கத்துவார்கள். வெட்டுப்பட்டவன் விழுவான். விழுந்தவனை மிதிப்பார்கள். அடுத்தவன் விழுவான். முதல் நாளே இரண்டு பல்லும் ஒரு முழங்காலும் போயின. வாத்தியார் பிரம்பை எடுத்தார்.

ராமுத்தாய் அவரைத் தடுத்துவிட்டுப் பிள்ளைகள் நடுவில் போய் நின்றாள். “வெட்டியாச்சா?”

“ஆச்சு.”

“அப்ப இவன யாரு ஆசுபத்திரிக்குத் தூக்குறது? யாரு தைக்கிறது? வெட்டுனவந்தேன் தூக்கணும். தூக்குலே.”

வெட்டினவன் திருதிருவென்று விழித்தான். பிறகு நாலு பேராகச் சேர்ந்து பாயோடு இழுத்தார்கள். அவள் பப்பாளித் தண்டை நறுக்கி டாக்டர் குழல் செய்து கொடுத்தாள். பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுத்துணி ஆக்கினாள். ஈர்க்குச்சி ஊசியாயிற்று, செங்கல் பொடி கரைத்த தண்ணீர் மருந்தாயிற்று. ரத்தம் வரும் இடத்தை எப்படி அமுக்குவது, கையை எப்படி உயர்த்திப் பிடிப்பது என்று ஆஸ்பத்திரியில் பார்த்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். ஆடி முடிவதற்குள் வெட்டுகிறவனாக இருக்க எவனுக்கும் பிரியமில்லை. எல்லாருக்கும் டாக்டராகத்தான் வேண்டும்.

செல்வமணி மட்டும் சேரமாட்டான். ஆவணியில் ஒரு நாள் தானாகவே வந்து பாயில் படுத்தான். அன்றைக்கு டாக்டர் மொக்கம்மாள். தண்டை அவன் நெஞ்சில் வைத்துக் கேட்டாள், துணி சுற்றினாள். பிறகு, “சரியாப் போச்சு, எந்திரி” என்றாள்.

அவன் எழுந்திருக்கவில்லை.

“எந்திரிடா. கட்டுப் போட்டாச்சுல்ல.”

“எங்கய்யா எந்திரிக்கல” என்றான் அவன். பக்கத்தில் கிடந்த சிலேட்டை எடுத்து அவள் நெற்றியில் அடித்தான். சட்டம் உடைந்து சிலேட்டின் முனை இறங்கியது. மறுபடியும் ஓங்குவதற்குள் ராமுத்தாய் அவன் கையைப் பிடித்துவிட்டாள். மொக்கம்மாளின் முகமெல்லாம் ரத்தம். பிள்ளைகள் அலறின. பயந்துபோன ஒரு பிள்ளை கீழத்தெருவுக்கு ஓடியது.

காயத்தை அமுக்கிக் கட்டி முடிப்பதற்குள் மொக்கம்மாளின் சித்தப்பன் கர்ணன் அரிவாளோடு வந்துவிட்டான். குறுக்கே நின்ற வாத்தியாரை அரிவாள் பிடியால் வாயில் குத்தினான். அவர் படியில் உருண்டார். ராமுத்தாய் செல்வமணியைத் தன் முதுகுக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டி நிறுத்திக்கொண்டாள்.

“ஏ பொம்பள, அந்த ஒச்சாண்டி மகன வெளிய விடு.”

“அண்ணே, பச்சப்புள்ளைக இருக்குதுக. அருவாள அங்கன போட்டுட்டு வாங்க. காயம் பெருசில்ல. உங்கண்ணன் மக இந்தா இருக்கா, பாருங்க.”

“ஒதுங்கு.”

“ஒதுங்க மாட்டேன்.”

அவன் வீசினான். அவள் தலையைக் காக்க இடது கையை உயர்த்தினாள். முழங்கைக்குக் கீழே எலும்புவரை இறங்கியது. வலி உடனே தெரியவில்லை. விரல்கள் தன்னுடையவை அல்ல என்பது மட்டும் தெரிந்தது. ஆனாலும் நகரவில்லை. இவன் இன்னொரு முறை ஓங்கினால் கழுத்துக்குத்தான் வரும், பையனை விட்டுவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

“சித்தப்பா, ஆயாம்மாவ வெட்டாத!” என்று கத்திக்கொண்டே மொக்கம்மாள் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் அவளை உதறினான். அதற்குள் சத்தம் கேட்டு மேலத்தெரு ஆட்கள் புகுந்துவிட்டார்கள். பத்துப் பேர் சேர்ந்து அவனைத் தரையில் போட்டு மிதித்தார்கள். ஒருவன் கட்டையால் முகத்தில் அடித்தான். வலது கண் அங்கேயே போயிற்று. பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“போதும்யா! செத்துருவான்!” என்று ராமுத்தாய் கத்தினாள். அவர்கள் நிறுத்தவில்லை. அவள் ரத்தம் வழியும் கையோடு அவன்மேல் விழுந்து மறைத்த பிறகுதான் நின்றார்கள். அப்போது யாரோ அவள் கையைத் தொட்டார்கள். திரும்பினால், மூன்று பிள்ளைகள். ஒன்று கையை உயர்த்திப் பிடித்தது, ஒன்று துணியை வைத்து அமுக்கியது. இன்னொன்று அழுதுகொண்டே சுற்றியது. கட்டு தளர்வாகத்தான் இருந்தது. ஆனால் அமுக்கிய கை விடவில்லை.

வண்டி ஒன்றுதான் கிடைத்தது. அவளையும் கர்ணனையும் ஒரே வைக்கோலில் படுக்க வைத்து உத்தமபாளையம் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அவன், “தண்ணி, தண்ணி” என்று முனகினான். ஓடைப்பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி, வண்டிக்காரனைக் கொண்டு தன் முந்தானையை நனைத்து அவன் வாயில் பிழிய வைத்தாள்.

வழக்கு நடந்தது. கண்ணைப் பறித்ததைச் சொல்ல வேண்டாம் என்று மேலத்தெருக்காரர்கள் நயமாகவும் மிரட்டியும் பேசிப் பார்த்தார்கள். அவள் கோர்ட்டில் இரண்டையும் சொன்னாள்: தன்னை வெட்டினவன் பெயரையும், அவன் முகத்தில் அடித்தவன் பெயரையும். கர்ணனுக்கு மூன்று வருஷம், அடித்தவனுக்கு ஒரு வருஷம். ஊரில் இரண்டு தெருவுமே அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டன. தை முழுக்க வகுப்பில் ஏழு பிள்ளைகள்தான்.

மாசியில் ஒரு நாள் காலையில் மொக்கம்மாளின் தாய் கஸ்தூரியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவிழ்த்துப் போட்ட தலை, வழக்குச் செலவுக்குத் தோட்டை விற்றுவிட்ட வெறும் காது. ராமுத்தாயின் சூம்பிய கையை ஒரு முறை பார்த்தாள்.

“உள்ள அந்தப் பய இருக்கானா?”

“இருக்கான் மதினி.”

அவள் மகளின் தோளில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தாள்.