அப்பா வீழ்த்தியவை நான்கு

ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். அப்பாவின் படத்துக்குப் பூ மாற்றினேன். பதினொரு மணிக்கு, முதலாண்டு நினைவுக்கான இந்த மலரின் அச்சுப்படி, பிழை பார்ப்பதற்காக, எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு வந்தது. அட்டையில் ‘ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்திய ஏஸ்’ என்று இருந்தது. எழுதிக் கொடுத்தவர் என் அண்ணன்.

அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். இரவல் புத்தகங்களில் படித்து விமானப்படையில் சேர்ந்தார். போரில் நான்கு விமானங்களை வீழ்த்தினார். ஐந்தானால் ஏஸ் என்பார்கள். ஐந்தாவது எதிரே வந்தபோது அப்பாவிடம் குண்டுகள் தீர்ந்துவிட்டன. இன்னொரு விமானத்தில் உடன் பறந்த நண்பர் தாமஸ் மாமா அதை வீழ்த்தினார். அவர் திரும்பி வரவில்லை.

“உன் பேர்லயே எழுதிக்கோ, அவன்தான் இல்லையே” என்றாராம் மேலதிகாரி. விமானி தன் கையாலேயே எழுத வேண்டிய லாக் புக்கில் அப்பா எழுதினார்: ‘எனக்குக் குண்டு தீர்ந்தது. வீழ்த்தியவர் தாமஸ்.’ ஆண்டுதோறும் தாமஸ் மாமா இறந்த நாளில் லிங்கராஜபுரம் சென்று, அவருடைய தங்கை ஸ்டெல்லா ஆன்ட்டியைப் பார்த்து வருவார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“நாலுன்னு போட்டா யாரு மதிப்பாங்க? அஞ்சுன்னாதானே ஏஸு?”

“நினைவு நாள் கூட்டத்துல ஸ்டெல்லா ஆன்ட்டி முதல் வரிசைல உக்காருவாங்க. அவங்க கையில இதைக் குடுப்பியாண்ணா?”

“அவங்களுக்குத்தான் கண்ணு சரியா தெரியாதே, விடு.”

உறவினர்களே, நேராகவே சொல்கிறேன். இறுதிச் சடங்கன்று கட்டிய பேனரிலும் ஐந்து. இரங்கல் பேச்சுகளிலும் ஐந்து. அப்பா இருந்தவரை அவர் எதிரில் இதைச் சொல்ல உங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. அவர் மறுக்க முடியாத நாள் பார்த்து, இறந்துபோன இன்னொருவரிடமிருந்து பிடுங்கி அவருக்கு மாட்டினீர்கள். இது மரியாதை இல்லை. திருட்டு.

கடைசி மாதங்களில் அப்பாவைக் குளிப்பாட்டிய நர்ஸுக்கும், கேட்காமலே மருந்து வாங்கி வந்த பக்கத்து வீட்டாருக்கும், தினமும் கஞ்சி அனுப்பிய ஸ்டெல்லா ஆன்ட்டிக்கும் நன்றி. பேனர் கட்டியவர்களுக்குத் தர என்னிடம் நன்றி இல்லை.

மறுநாள் காலை, காபிகூடக் குடிக்காமல், லாக் புக்கை எடுத்துக்கொண்டு அச்சகத்து வாசலில் போய் நின்றேன்.

“எல்லாரும் ஏத்திப் போடச் சொல்லுவாங்க. நீங்க என்ன மேடம், இறக்கச் சொல்றீங்க?” என்றார் அச்சகக்காரர்.

அட்டையில் ஐந்தை அடித்து, நான்கு என்று எழுதினேன். ஏஸ் என்ற சொல்லை நீக்கினேன். அதற்குக் கீழே தாமஸ் மாமாவின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘ஒன்று’ என்று சேர்த்தேன்.