என் முதுகில் வைத்த நேர்த்தி

முதுகு என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன வருடம் முழுவதும் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

கொழும்பு புறக்கோட்டையில் நான் வேலை செய்யும் துணிக்கடையில் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது டிஸ்க் கிழிந்தது. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டு அது. அதன் விளிம்பு கிழிந்து, உள்ளே இருந்தது பிதுங்கி நரம்பை அழுத்தியது. இடது கால் மரத்துப்போய்விட்டது. வெள்ளவத்தை ஃபிளாட்டில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். உடனே எல்லோரும் வைத்தியர்களாகிவிட்டார்கள். கனடாவில் இருக்கும் மைத்துனர் வீடியோவில் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகைப் பார்த்தார். கீழ்வீட்டுக்காரர் எண்ணெயோடு வந்தார். "கத்தி மட்டும் வைக்க விடாதேங்கோ. பிறகு எழும்பவே மாட்டியள்" என்று சொல்லிக்கொண்டே அதைச் சூடாக்கினார். நான் ஏற்கெனவே எழும்ப முடியாமல்தான் கிடந்தேன் என்பது அவர் கண்ணில் படவில்லை.

என் முகத்தைப் பார்த்து, என்னிடமே பேசிய ஒரே ஆள் சத்திரசிகிச்சை செய்த டொக்டர். மேசையில் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பைக் கையில் எடுத்துக் காட்டினார். பிதுங்கியதை வெட்டி எடுக்கலாம், ஆனால் கிழிசல் பெரிது, அப்படியே விட்டால் திரும்பவும் பிதுங்கும் என்றார். அதனால் அந்த ஓட்டையை உள்ளிருந்து அடைத்துத் தாங்குவதற்கு ஒரு சின்ன இம்பிளாண்ட் வைத்து, பக்கத்து எலும்பில் பிடிக்கச் செய்வாராம். அது உறுதியாகும்வரை குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, உடம்பை முறுக்கவே கூடாது. எனக்கு விளங்கியது. சரி என்றேன்.

எல்லாம் நல்லபடி முடிந்தது. காலில் உணர்ச்சி திரும்பியது. வீட்டுக்கு வந்த கையோடு பாமன்கடை வீட்டிலிருந்து அக்கா பிளாஸ்க்கில் சூப்போடு வந்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"தம்பி, கால் வந்திட்டுதுதானே. திருவிழாவுக்கு நீ பிரதட்டை அடிக்கவேணும். நான் சுவாமிக்கு நேர்த்தி வைச்சிட்டன்."

பிரதட்டை என்றால் வேட்டியோடு, வெறும் மேலோடு, வெயிலில் கிடந்து கோயில் வீதியைச் சுற்றி உருளுவது. அதாவது டொக்டர் செய்யவே கூடாது என்றதை விடாமல் ஒரு சுற்று முழுக்கச் செய்வது.

"நேர்த்தி வைக்கேக்க என்னட்ட ஒரு சொல் கேட்டனீங்களா?"

"நீ ஒப்பரேஷன் தியேட்டருக்குள்ள மயங்கிக் கிடந்தனி. ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

"உருண்டா உள்ளுக்கு வைச்சது கழண்டிடும், அக்கா."

"அதை ஒழுங்கா வைக்கப் பண்ணினது ஆர்? டொக்டரோ?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. அக்கா தானே விரதம் இருக்கிறேன் என்று நேர்த்தி வைத்திருக்கலாம். தன் முடியைக் கொடுக்கிறேன் என்று வைத்திருக்கலாம். எங்கள் ஆட்களின் வழக்கம் அதுவல்லவே. பிள்ளை சோதனை பாஸ் பண்ண வேண்டும் என்று தாய் நேர்த்தி வைப்பார், மொட்டை பிள்ளைக்கு. புருசனுக்கு விசா வர வேண்டும் என்று மனைவி வைப்பார், காவடி புருசனுக்கு. கடவுளோடு பேசுவது ஒருவர், உடம்பைக் கொடுப்பது இன்னொருவர். கொடுக்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்பது எங்கும் இல்லை.

திருவிழா நெருங்க நெருங்கச் சண்டை வளர்ந்தது. குடும்பம் முழுவதும் அக்கா பக்கம். "மெல்லமா உருளலாம்தானே" என்றார் கனடா மைத்துனர், கதிரையில் சாய்ந்திருந்தபடி. நான் போனை வைத்துவிட்டேன். கடைசியில் அக்காவைக் கூட்டிக்கொண்டு கோயில் ஐயரிடம் போனேன். டொக்டர் கட்டச் சொன்ன என் இடுப்புப் பெல்ட்டை அவர் பார்த்தார். "ஏலாட்டி நடந்து சுத்திக் கும்பிட்டாக் காணும். சுவாமி குறை நினைக்கமாட்டார்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்கா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பியிருக்கக்கூடாது.

தேர் அன்று காலை வேட்டி கட்டி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வீதியைச் சுற்ற ஆரம்பித்தேன். என்னைக் கடந்து ஆண்கள் உருண்டு போனார்கள். பெல்ட்டைப் பார்த்தவர்கள் வழிவிட்டார்கள். முதல் மூலையில் திரும்பிப் பார்த்தேன். அக்கா எனக்குப் பின்னால் அடியழித்துக்கொண்டு வந்தார். பெண்கள் உருளுவதில்லை. ஓர் அடி வைத்து, முழங்காலில் விழுந்து, நெற்றியை நிலத்தில் வைத்து, எழும்பி, அடுத்த அடி வைப்பார்கள். அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. மாடிப்படி ஏறவே கைபிடிச் சுவரைத் தேடும் முழங்கால்கள் அவருக்கு.

"ஆர் உங்களை இதைச் செய்யச் சொன்னது? எழும்புங்கோ, அக்கா."

"நான் வைச்ச நேர்த்தி. நீ நட."

ஆட்கள் நடுவில் கத்த முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். சுவாமியிலும் கோபம், அக்காவிலும் கோபம். என்னை நல்லவனாகவும் விடாமல், கெட்டவனாகவும் விடாமல் அக்கா இப்படி நடுவீதியில் நடக்கவைக்கிறாரே.

பின்வீதியில் விழுந்த அக்கா எழும்பவில்லை. இரண்டு கைகளையும் சுடுகிற மண்ணில் ஊன்றிப் பார்த்தார். முழங்கால் கேட்கவில்லை. பக்கத்தில் நான் மட்டும்தான். மற்றப் பெண்கள் தள்ளி வந்துகொண்டிருந்தார்கள். என் கை தானாகவே கீழே போனது. பெல்ட் வயிற்றில் அழுத்தியது.

அக்கா தலையை உயர்த்தினார். நெற்றி முழுக்க மண்.

"குனியாதை" என்றார். "தம்பி, குனியாதை."

நான் நிமிர்ந்தேன். அந்தப் பெண்கள் வந்து தூக்கும்வரை அவர் நிலத்தில் கிடந்தார். நான் பக்கத்தில் நேராக நின்றேன்.