அக்காவின் கண்ணும் நிறுத்திய மாத்திரையும்

மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று கண் மருத்துவர் சொன்ன அன்று அறையில் இருந்தவர்கள்: எங்கள் அக்கா, அண்ணன், தங்கையாகிய நான். மூன்றே பேர். மூவரும் கேட்டோம். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எங்கே விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அக்கா ராஜகீழ்ப்பாக்கத்தில் பிறந்து, கீழ்க்கட்டளையில் வாழ்க்கைப்பட்டு, மாமா போன பிறகு பிறந்த வீட்டுக்கே திரும்பியவர். ஜாக்கெட் தைத்தே மகளைப் படிக்க வைத்தார். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிய பிறகும் கொக்கி வைக்க என்னிடம் தர மாட்டார். "நீ வெச்சா ரெண்டு நாள்ல பிச்சிக்கும்டி" என்பார்.

அந்த வாதம்தான் கண்ணுக்கும் வந்தது. கருவிழி ஓரத்தில் புண். கரைந்து ஓட்டையே விழுந்துவிட்டது. இறந்துபோன யாரோ ஒருவர் தானமாகத் தந்த கருவிழியில் ஒரு துண்டை வைத்துத் தைத்தார்கள்.

"உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே கண்ணைத் தாக்குதும்மா. அதை அடக்கத்தான் இந்த மாத்திரை. கண்ணு நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார் மருத்துவர். அண்ணன்தான் முதலில் தலையாட்டினார்.

சிவப்பு போனது. அக்கா மறுபடியும் தானே ஊசியில் நூல் கோத்தார். நான் தினமும் கேட்பேன், "மாத்திர போட்டியாக்கா?"

"போட்டேன்டி."

"போட்டுகினுதான் கீறா. நோவு விட்டாலும் நீ விடமாட்ட போல" என்பார் அண்ணன். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மழைக்காலத்தில் கண் மீண்டும் சிவந்தது. "மாத்திரையை எப்போ நிறுத்தினீங்க?" என்று மருத்துவர் கேட்டபோது அக்கா அண்ணனைப் பார்த்தார்.

"எதிர்ப்பு சக்திய கொறைக்க யாராவது காசு குடுத்து மருந்து வாங்குவாங்களா சார்? நான்தான் நிறுத்தச் சொல்லி கஷாயம் குடுத்தேன். இதுகிட்ட சொன்னா பேஜார் பண்ணும்னு சொல்லல" என்றார் அண்ணன்.

'இது' என்றது என்னை.

வெளியே வந்ததும், "நீயுமாக்கா பொய் சொன்ன?" என்றேன்.

"சொன்னா நீ தூங்கமாட்டியேடி."

வைத்த துண்டும் கரைந்தது. பிறகு நோய் நுரையீரலைப் பிடித்தது. மறுபடி தொடங்கிய மருந்துக்கு அது அடங்கவில்லை. கடைசி வாரத்தில் அக்கா, "அண்ணன்கிட்ட சண்ட போடாதடி" என்றார். போடவில்லை அக்கா. நடந்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

மருத்துவச் செலவு முழுவதையும் ஏற்றவர் அண்ணன். அதையும் மறைக்க மாட்டேன். கண்ணில் சொட்டு மருந்து விட வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், வேலையை விட்டுவிட்டு உடனிருந்த எங்கள் அக்காவின் மகளுக்கும் நன்றி.

பெயர் தெரியாத அந்தக் குடும்பத்தாருக்கு: உங்கள் வீட்டில் அழுகை ஓயுமுன் எங்களுக்குக் கண் கொடுத்தீர்கள். அது நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. நாங்கள்தான் காப்பாற்றவில்லை.