சாத்திய கதவு

பாக்கியலெட்சுமி கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டுக்கு வேலைக்கு வந்தபோது ஆரணி கைக்குழந்தை. பெற்றவள் கந்தோர் வேலைக்குப் போக, பிள்ளை வளர்ந்தது பாக்கியத்தின் இடுப்பில்தான்.

குடும்பம் கனடாவுக்குப் புறப்படும் வாரம் பாக்கியத்தின் இடக்கண் இரத்தமாய்ச் சிவந்தது. வலி நெற்றிவரை குடைந்தது.

"கண்நோய், பாக்கியம். பிள்ளைக்குத் தொத்தினா பிளேனில ஏத்தமாட்டாங்கள்," என்றார் வீட்டம்மா.

"நான் கிட்ட போகமாட்டேங்கம்மா."

கொத்தமல்லித் தண்ணீரால் கண்ணைக் கழுவிக்கொண்டு குசினி அடுப்படியிலேயே கிடந்தாள். புறப்படும்போது ஆரணி, "பாக்கிம்மா!" என்று கைகளை விரித்தபடி ஓடி வந்தாள்.

"வராத கண்ணு, அங்கயே நில்லு!" பாக்கியம் கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளையின் அழுகை லிஃப்ட் வரை கேட்டது.

அவர்கள் போய் வெகுநாளாகியும் சிவப்பு மாறவில்லை. கண்ணாஸ்பத்திரி டாக்டர் அவளுடைய வீங்கிய விரல் மூட்டுகளையும் தொட்டுப் பார்த்தார்.

"இது வழமையா வாற கண்நோய் இல்லை, அம்மா. உங்கட மூட்டு வாதம்தான் கண்ணின்ர வெள்ளையிலயும் வீக்கத்தைக் கொண்டுவந்திருக்கு. சொட்டு மருந்து மட்டும் காணாது, குளிசையும் விழுங்கவேணும்."

"மத்தவங்களுக்குத் தொத்துமாங்க?"

"ஒருத்தருக்கும் தொத்தாது."

பாக்கியம் எழும்பவில்லை. "சின்னப் பிள்ளைங்களுக்கு?"

டாக்டர் சிரித்தார். "பேரப்பிள்ளையா? தாராளமாத் தூக்குங்கோ."

"சரிங்க," என்றாள் பாக்கியம்.