பின்வாசல் இல்லாத பஸ்

என் கண்ணுகளா, இது யாரோ சொல்லி நான் கேட்ட கதை இல்லை. போன மார்கழியில் எனக்கே நடந்தது. என் வீட்டுக்காரரிடம் கேட்டால் பேச்சை மாற்றுவார். மாற்றட்டும். அந்த வண்டியை ஓட்டியதே அவர்தான். நான் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன். தனியாக உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா ஆவுடைத்தாய்க்கு ஞாபகம் தப்பி மூன்று வருஷம் ஆகிறது. சில நாள் என் பெயரே அவளுக்குத் தெரியாது. ஆனால் கால் மட்டும் சும்மா இருக்காது. கதவு கொஞ்சம் திறந்திருந்தால் போதும், இறங்கி நடந்துவிடுவாள். ஒருதடவை ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தோம். இன்னொரு தடவை கடையம் போகிற ரோட்டில், லாரிகளுக்கு நடுவில். அன்றிலிருந்து அவள் சேலை நுனியை என் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறேன். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. உடம்பு படுத்திருக்கும், அவ்வளவுதான்.

அவள் வாயில் ஓயாமல் வந்த ஒரே வார்த்தை குத்தாலம். "குத்தாலத்துக்குப் போவோம்ட்டீ, குத்தாலத்துக்குப் போவோம்ட்டீ" என்று காலையிலிருந்து ராத்திரி வரை நச்சரிப்பாள். பஸ்ஸில் கூட்டிப்போனால் நடுவழியில் இறங்கிவிடுவாள். லாட்ஜில் தங்கினால் கதவைத் திறந்துவிடுவாள். என்ன செய்ய?

அக்கா மகன் மணிமுத்து ஒரு வழி சொன்னான். அவன் பழைய பஸ்ஸை வாங்கி வீடு மாதிரி மாற்றி வாடகைக்கு விடுகிறவன். புதிதாக ஒன்று முடித்து ஷெட்டில் வைத்திருந்தான். இரண்டு கட்டில், கேஸ் அடுப்பு, கடைசியில் குளியலறை.

"எம்மாவ இதுல கூட்டிட்டுப் போங்க சித்தி. முன்வாசல் ஒண்ணுதான். தாழ்ப்பாளப் போட்டுட்டா எங்கயும் போக முடியாது. பின்வாசல வெல்டிங் அடிச்சு, உள்ள பிளைவுட் வச்சு அடைச்சாச்சு. அங்கனதான் பாத்ரூம்."

"யாருலே ஓட்டுவா?" என்றேன்.

"சித்தப்பா இருக்காருல்லா?"

என் வீட்டுக்காரர் இசக்கிமணி முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஸ்டியரிங்கைப் பார்த்ததும் புதுமாப்பிள்ளை மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஒரே ஒரு சங்கடம். ஓட்டுநர் இடத்துக்கும் எங்கள் இடத்துக்கும் நடுவில் பிளைவுட் தடுப்பு. அதில் ஒரு கை மட்டும் நுழைகிற அளவுக்குச் சின்ன ஜன்னல். இன்ஜின் சத்தத்தில் நான் கத்தினாலும் அவருக்குக் கேட்காது.

"உங்கக்காவ உக்கார வச்சிட்டு ரெண்டு தட்டு தட்டுட்டி, எடுக்கேன். நிறுத்தணும்னா ஒரு தட்டு. நான் திரும்பிப் பாக்க மாட்டேன். டிரைவர் திரும்பிப் பாத்தா வண்டி வாய்க்காலுக்குள்ள போயிரும்."

"ஆமா, எனக்குக் கண்டக்டர் வேலை வேற."

"சம்பளம் கெடையாது. பேட்டா வேணா தாரேன்."

அப்படிச் சிரித்துக்கொண்டுதான் கிளம்பினோம்.

பாவூர்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினார். குடித்து ஏறினோம். அக்காவைக் கட்டிலில் உட்கார வைத்துக் கம்பளியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தடுப்பில் தட்டுவதற்கு நான் இன்னும் கையைத் தூக்கவே இல்லை.

டண்... டண்.

வண்டி நகர்ந்துவிட்டது. நான் அடுப்பின்மேல் போய் விழாத குறை. டீக்கடைக்காரர் யாராவது பழக்கத்தில் தட்டியிருப்பார் என்று விட்டுவிட்டேன். பெரிய வண்டியைப் பார்த்தால் தட்டாமல் இருக்க முடியாதவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஒன்று மட்டும் மனதில் ஒட்டியது. நான் பிளைவுட்டில் தட்டினால் டொக் டொக் என்று கேட்கும். இது தகரத்தில் தட்டின சத்தம். பின்பக்கத்திலிருந்து வந்தது.

தென்காசியில் அக்காவுக்கு மாத்திரை வாங்க நிறுத்தினோம். தூறல் ஆரம்பித்திருந்தது. இந்தத் தடவை நான் வேண்டுமென்றே இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

டண்... டண்.

ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவர் தோளைத் தொட்டேன். "ஏங்க, நான் தட்டல."

"பின்ன யாரு, உங்கப்பாவா தட்டுனாவ? எனக்கு வேலைலதான் ரிட்டயர்மென்ட். காதுக்கு இல்ல."

சண்டை போடக்கூடத் தெம்பு இல்லாத நாள் அது.

அக்கா குளியலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பிளைவுட் சுவர் மட்டும்தான்.

"பின்படில அண்ணாச்சி நிக்காவட்டி. நனையுதாவ. உள்ள வரச்சொல்லு."

"எந்த அண்ணாச்சி?"

"கண்டக்டர் அண்ணாச்சி."

அவள் என்னைப் பார்த்தே சில நாள் "டீச்சர்" என்பாள். அதனால் தலையைத் தடவிவிட்டேன்.

குற்றாலத்தில் ஐயப்ப சாமிமார் கூட்டம். பெரிய அருவியில் பெண்கள் பக்கம் ஒதுங்கி அக்காவை நிறுத்தினேன். தண்ணீர் பனிக்கட்டி. அவள் பிள்ளை மாதிரிக் கத்திச் சிரித்தாள். மூன்று வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. வந்த காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் என் உடம்பு அப்படியே தளர்ந்துவிட்டது.

ஆயிரப்பேரிப் பக்கம் தெரிந்தவர் தென்னந்தோப்பில் வண்டியைப் போட்டுத் தங்குவதாக ஏற்பாடு. கிளம்பும்போது மணி ஆறேகால். மலையிலிருந்து பனிமூட்டமாக மஞ்சு இறங்கி, ரோடு அப்போதே இருட்டிவிட்டது. வாசல் தாழ்ப்பாளை நான்தான் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். அக்கா சேலை நுனியைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு படுத்தேன்.

கண் சொருகியது.

வழியில் ஓரிடத்தில் வண்டி நின்றது அரைத்தூக்கத்தில் தெரிந்தது. அவர் இறங்கிக் கண்ணாடியைத் துடைக்கிற சத்தம். திரும்ப ஏறிக் கதவைச் சாத்துகிற சத்தம்.

பிறகு... டண்... டண்.

வண்டி நகர்ந்தது.

எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். கை கால் அசையவில்லை. அவ்வளவு அலுப்பு.

டண் டண். டண் டண். டண் டண்.

இப்போது சத்தம் நிற்கவே இல்லை. வண்டியின் பக்கவாட்டில், என் தலைமாட்டுக்கு வெளியே, யாரோ தட்டிக்கொண்டே கூட ஓடி வருகிற மாதிரி.

கண்ணைத் திறந்தேன்.

கையில் சேலை நுனி இல்லை.

கட்டில் காலி.

குளியலறையைத் திறந்தேன். காலி.

தடுப்பில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். வண்டி குலுங்கி நின்றது.

"அக்காவக் காணும்!"

வாசலுக்கு ஓடினேன். திறக்கக் கையை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

நான் போட்ட தாழ்ப்பாள்... போட்டபடியே இருந்தது.

உள்ளே இருந்து.

அதை நான்தான் விலக்க வேண்டியிருந்தது. இறங்கினோம். சின்ன ரோடு, வண்டியைத் திருப்ப இடமில்லை. வந்த வழியே அவர் டார்ச்சோடு முன்னால் ஓட, நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன். "அக்கா... அக்கா..." மஞ்சுக்குள் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எதிரே ஏதாவது வண்டி வந்துவிடக் கூடாதே என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் நான் அப்போது நினைக்கவில்லை.

சின்னப் பாலம் ஒன்று. அதன் கைப்பிடிச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள் அக்கா.

கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. இடது மணிக்கட்டு சிவந்து, விரல் விரலாகத் தடம். யாரோ பலமாகப் பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

"எப்படிக்கா இறங்கின?"

"பின்படி வழியாத்தான். அவதான் வா எறங்குவோம்னு கூப்பிட்டா."

"எவ?"

"சக்கரத்துக்குக் கிட்ட நிக்கச் சொன்னாட்டி. அண்ணாச்சிதான் ஓடி வந்து என்னக் கையப் பிடிச்சு இழுத்துட்டாவ."

என் வீட்டுக்காரர் டார்ச்சை நான்கு பக்கமும் அடித்தார். ரோடு. மழை. யாரும் இல்லை.

"மதினி, யாரு உங்கள எறங்கச் சொன்னா?"

"அந்தா... வண்டியத் தட்டிக்கிட்டே கூட ஓடுனாளே. அவதான்."

"இப்ப எங்க?"

அக்கா எங்கள் பஸ்ஸைக் கை காட்டினாள். தூரத்தில் அதன் சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. நான் திறந்துபோட்ட வாசல் திறந்தே கிடந்தது.

"ஏறிட்டா" என்றாள்.

கண்ணுகளா, அந்த ரோட்டில் அந்த மழையில் எங்களுக்கு வேறு வண்டி இல்லை.

என் வீட்டுக்காரர் வாசலை வெளியிலிருந்தே அறைந்து சாத்தினார். எங்கள் இருவரையும் ஓட்டுநர் கதவு வழியாக ஏற்றி, இன்ஜின் மூடிமேல் உட்கார வைத்தார். அக்காவை நடுவில் இடுக்கிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் தடுப்பு. தடுப்பில் அந்தச் சின்ன ஜன்னல். உள்ளே விளக்கு எரிந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவரும்தான்.

வண்டி கிளம்பியது.

கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை.

பிறகு...

டொக்.

ஒரு தட்டு.

இந்தத் தடவை தகரத்தில் இல்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால். பிளைவுட்டில்.

அவர் கால் தானாக பிரேக்குக்குப் போனது. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். நான் அவர் முழங்காலைப் பிடித்தேன்.

"நிறுத்தாதீக."

டொக்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

டொக்.

அக்கா என் காதில் மெதுவாகச் சொன்னாள். "அவளுக்கு எறங்கணுமாம்ட்டி."

டொக். டொக். டொக்.

தோப்புக்குப் போகவில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்ட் வெளிச்சம் வரும்வரை அவர் எங்கும் நிறுத்தவில்லை. அந்த வெளிச்சத்துக்குள் நுழைந்ததும் சத்தம் அடங்கியது. வண்டியை அங்கேயே ஓரம்கட்டிவிட்டு, ஆட்டோ பிடித்து, உறவுக்காரர் வீட்டில் போய் விழுந்தோம். நான் விடியும்வரை அக்கா கையை விடவில்லை.

மறுநாள் மணிமுத்து வந்தான். நடந்ததைச் சொன்னோம். அவன் சிரிக்கவில்லை.

"ஏலே, அது எங்க ஓடுன வண்டி?" என்று கேட்டார் இவர்.

"மலை ரூட்டுல ஓடுன பிரைவேட் பஸ் சித்தப்பா. ஒரு ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் ஓனர் ஓட்டாமப் போட்டுட்டாரு. எல்லா பழைய வண்டிக்கும் ஏதாவது ஒரு கதை இருக்கும்னு நான் பெருசா எடுத்துக்கல."

"என்ன ஆக்சிடென்ட்டு?"

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அக்கா மணிக்கட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாயங்காலம். நல்ல மஞ்சு. ஒரு வயசான பொம்பளைய, கண்டக்டர் கையப் பிடிச்சுப் பின்வாசல் வழியா எறக்கி விட்டிருக்காரு. அவரும் கீழதான் நிக்காரு. விசில் வாய்லயே இருக்கு, ஊதல. ஆனா ரெண்டு தட்டு கேட்டுது, எடுத்துட்டேன்னு டிரைவர் சொல்லுதாரு. கண்டக்டர் பின்சக்கரத்துல மாட்டி அங்கனயே போயிட்டாரு."



"தட்டுனது யாருலே?" என்றார் இவர். குரல் அவர் குரலாகவே இல்லை.

"தெரியல. உள்ள இருந்த யாரும் தட்டலைன்னு சத்தியம் பண்ணுனாங்களாம்."

நான் கேட்டேன், "அந்தப் பொம்பள என்ன ஆனா?"

"அதான் சித்தி..." என்றான் மணிமுத்து. "அவ எறங்குனத பஸ்ல பாதிப்பேரு பாத்திருக்காங்க. ஓடி வந்து கீழ பாத்தா அவ இல்ல. சுத்துவட்டாரம் பூரா தேடிருக்காங்க. அப்பிடி ஒரு ஆளே அந்த ஊர்ல இல்லையாம். எந்த ஸ்டாப்புல ஏறுனான்னாவது யாருக்காவது தெரியுமான்னு ஒவ்வொருத்தரா விசாரிச்சிருக்காங்க..."

"ம்."

"அவ ஏறுனத ஒருத்தர் கூடப் பாக்கல சித்தி."